குடிநோய் மீட்சியும் பணிவு என்னும் பயிற்சியும்

இன்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும் பொருள், குடிநோயிலிருந்து மீள்வதில் பணிவுக்கு உள்ள இடம். குடியை நிறுத்துவது எப்படி என்பதைப் பற்றி மருத்துவம் நிறையப் பேசியிருக்கிறது. மதுக்கடையை மூடுவது எப்படி என்பதைப் பற்றி அரசியல் நிறையப் பேசியிருக்கிறது. குடியை நிறுத்திய மனிதர் தம் குறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பேச்சு மட்டும் மறுவாழ்வு மையங்களின் மூடிய அறைகளைத் தாண்டி வெளியே வரவில்லை. அந்தப் பேச்சைத் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் பல நூற்றாண்டுகளாக வேறொரு மொழியில் பேசிவந்திருக்கின்றன என்பதும், பணிவு என்பதை உள்ளத்தில் எழுந்து அடங்கும் உணர்ச்சியாகக் கருதாமல் வாயாலும் கையாலும் நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சியாகவே கொள்ள வேண்டும் என்பதும் இவ்வுரையின் துணிபு.

குடிநோய் என்பது யாது? குடிப்பவர் எல்லாரும் குடிநோயாளர் அல்லர். எவ்வளவு குடிப்பது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாட்டை இழந்து, குடியால் வேலையும் உடலும் குடும்பமும் கெடுவதைக் கண்ணாரக் கண்ட பின்னும் விட முடியாமல், விட்டால் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வந்து மறுபடி குடித்தால்தான் அவை அடங்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவரையே மருத்துவம் மதுச் சார்புநிலைக்கு ஆட்பட்டவர் என்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே இதை நோயாகக் கருதிச் சிகிச்சை தரவேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள் என்றும், அவர்களுள் 5.7 கோடிக்கு மேற்பட்டோருக்கு உதவி தேவைப்படுகிறது என்றும் கணித்தது. சார்புநிலைக்கு ஆட்பட்ட 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார் என்பது அதே ஆய்வு சொல்லும் செய்தி.

மற்ற 37 பேர் எங்கே போனார்கள்? மருத்துவமனை எட்டாத தொலைவில் இருப்பதும், கையில் காசில்லாமையும், ஊர் பேசுமே என்ற அச்சமும் காரணங்கள்தாம். ஆனால் அரசு மருத்துவமனை நகரின் நடுவிலேயே இருக்கும் திருச்சியிலும், பேருந்தில் ஏறினால் அரைமணியில் மனநல மருத்துவரைப் பார்த்துவிடக்கூடிய பொன்மலையிலும் உறையூரிலும், ஒரு குடிநோயாளர் பல ஆண்டுகள் அந்தப் படியை மிதிக்காமலே இருப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அது ஒரே ஒரு வாக்கியம்: "நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்." இந்த வாக்கியத்தைக் கேட்காத குடிநோயாளர் வீடு தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

இந்த வாக்கியம் முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டல காலம் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பவர்கள் உண்டு. சமயபுரத்தம்மனுக்கு மஞ்சள் உடுத்திப் பாதயாத்திரை போகும் நாள்களில் மதுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர்கள் உண்டு. பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு மூன்று மாதம் காப்பாற்றியவர்களும் உண்டு. பிறகு என்ன நடக்கிறது? மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று மாலையே, அல்லது இரண்டு நாள் கழித்து, ஒரு குவார்ட்டரோடு எல்லாம் பழையபடி தொடங்குகிறது, வீட்டார் கேட்டால், "நாப்பது நாள் இருந்தேனே, இருக்க முடியாமலா இருந்தேன்?" என்ற பதில் வருகிறது. விரதத்தின் மேல் குறையில்லை; அது தெய்வத்துக்கென்று எடுக்கப்பட்டது, எடுத்த எல்லைக்குள் நிறைவேறவும் செய்தது. அந்த நாற்பது நாள் பின்னர் தன் வல்லமைக்குச் சான்றிதழாக எடுத்துக் காட்டப்படுகிறதே, அங்கேதான் குடிக்கு வாசல் திறந்துவிடப்படுகிறது.

மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் 1971இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இந்த முடிச்சை அவிழ்க்கிறது. குடிநோயாளர் புட்டியோடு ஒரு மல்யுத்தம் நடத்திக்கொண்டிருக்கிறார் என்பது அவர் கருத்தின் சாரம். 'என்னால் உன்னை வெல்ல முடியும்' என்ற சவால் அவரைக் குடியாமல் இருக்கவைக்கிறது. வென்றுவிட்டால் சவால் தீர்ந்துபோகிறது. தீர்ந்த சவாலுக்கு உயிர் கொடுக்க, 'ஒரு கிளாஸ் குடித்துவிட்டு நிறுத்திக் காட்டுகிறேன்' என்ற அடுத்த சவால் பிறக்கிறது. ஆகவே மனவுறுதியைத் திரட்டித் திரட்டிப் போராடச் சொல்லும் உற்றார், தாம் அறியாமலே அந்த மல்யுத்தத்துக்குப் பார்வையாளர்களாகக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'இந்த ஆட்டத்தில் எனக்கு வெற்றி இல்லை, ஆகவே ஆட்டத்திலிருந்தே விலகுகிறேன்' என்று ஒப்புக்கொள்வது தோல்வி போலத் தோன்றினாலும், பேட்சனின் பார்வையில் மீட்சி தொடங்கும் இடம் அதுவே.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடப்பது தவறாகும். பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர், வைராக்கியத்தைக் காட்டுகிறேன் என்று ஒரே நாளில் நிறுத்தினால், ஓரிரு நாளில் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும், சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். தயமின் என்ற உயிர்ச்சத்தின் குறைவால் மூளை பாதிக்கப்படுவதும் உண்டு. மருத்துவர் கண்காணிப்பில் மருந்தோடு நிறுத்துவதே முறை. 'எனக்கு எதற்கு ஊசி, எனக்கு எதற்கு மாத்திரை' என்று கேளாமல் கட்டிலில் படுப்பது, மீட்சியில் ஒருவர் பயிலும் முதல் பணிவு.

பணிவை மீட்சியின் நடுவே நிறுத்திய இயக்கம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பது. தம் பெயரை வெளியிடாமல் கூடும் குடிநோயாளர்களின் தோழமை அது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்குச் சந்தையில் வாழ்விழந்த பில் வில்சனும், அறுவை மருத்துவராக இருந்தும் குடியை விட முடியாத பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து அது தொடங்கியது. அந்தச் சந்திப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்த வில்சன், தொழிலில் தோற்று, விடுதியில் தனியாக நின்றபோது, மதுக்கூடத்தின் பேச்சொலி அவரை இழுத்தது. அப்போது அவர் தேடியது தம்மால் திருத்தப்பட வேண்டிய ஒரு குடிகாரரை அன்று, தாம் குடிக்காமல் இருப்பதற்குத் தமக்குத் துணையாக ஒரு குடிகாரரை. உதவி செய்பவர் உயரத்திலும் உதவி பெறுபவர் பள்ளத்திலும் நிற்கும் ஏற்பாடு அந்த ஒரு நொடியில் குலைந்துபோயிற்று.

அவ்வியக்கத்தின் பன்னிரண்டு படிகள் 1939இல் நூலாக வெளிவந்தன. குடியின் முன் தனக்கு வலுவில்லை என்று ஏற்பது முதற்படி. நான்காம் படியில் ஒருவர் தம் குறைகளைக் கணக்கெடுக்கிறார். ஐந்தாம் படியில் அவற்றை இன்னொரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆறாம் படியில் அவை நீங்குவதற்கு மனமார இசைகிறார். ஏழாம் படியில் அவற்றை நீக்குமாறு பணிவோடு வேண்டுகிறார். எட்டிலும் ஒன்பதிலும் தம்மால் துன்புற்றோரைப் பட்டியலிட்டு ஈடுசெய்கிறார். இவற்றுள் மிகக் கடினமானது எது? ஒப்புக்கொள்வது கடினம் என்றே பலரும் எண்ணுவர். ஆறாம் படியே கடினமானது என்பது இவ்வுரையின் கருத்து. கோபக்காரர் என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொள்வது எளிது. வீட்டில் எல்லாரும் அஞ்சி நடப்பதால் கிடைக்கும் வசதியை விட்டுக்கொடுக்க அவருக்கு உண்மையில் மனம் வருமா? தமக்குத் தீங்கிழைத்த அண்ணன் மேல் இருபது ஆண்டாக வளர்த்த மனத்தாங்கலை எடுத்துக்கொள்ளச் சொல்லி எவரிடமாவது கேட்பாரா? குறைகள் வெறும் குறைகளாக இருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்கும். அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பயனைத் தந்துகொண்டிருப்பதால்தான் நிற்கின்றன.

வில்சனுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஹாரி டீபோ 1953இல் எழுதிய கட்டுரையில், மேலுக்கு இணங்குவதையும் உள்ளபடி சரணடைவதையும் பிரித்துக் காட்டினார். மனைவியும் மைத்துனரும் கூட்டிவந்து உட்காரவைத்திருக்கும் ஒருவர், மருத்துவர் சொல்வதற்கெல்லாம் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டுகிறார். உள்ளே, வெளியே போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். தலையாட்டலைப் பணிவென்று எடுத்துக்கொள்ளும் குடும்பம் ஏமாறுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு குரலிலோ கண்ணீரிலோ தெரியாது. பின்னால் வரும் செயலில்தான் தெரியும்.

அவையோரே, இனி காவிரியைக் கடந்து திருவரங்கத்துக்குச் செல்லலாம். பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவரான தொண்டரடிப்பொடியாழ்வாரின் இயற்பெயர் விப்ரநாராயணர். திருமண்டங்குடியில் பிறந்து, அரங்கநாதருக்கு மாலை கட்டித் தருவதற்காகத் திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து வாழ்ந்தவர். குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதையின்படி, தம்மைத் திரும்பியும் பாராத அவரை வசப்படுத்திக் காட்டுவதாகத் தேவதேவி என்ற கணிகை தன் தமக்கையிடம் பந்தயம் கட்டி, தோட்டவேலைக்காரியாக உள்ளே வந்தாள். அவர் அவளுக்கு அடிமையானார். மாலைப்பணி நின்றது, கைப்பொருள் கரைந்தது, கரைந்ததும் வீட்டுவாசல் அடைபட்டது. கோயிலின் பொன் வட்டில் அவள் வீட்டில் கண்டெடுக்கப்பட, திருட்டுப் பழி அவர்மேல் வந்து அரசன் முன் நிறுத்தப்பட்டார். பணியை இழப்பது, பணத்தை இழப்பது, நல்ல பெயரை இழப்பது, கடைசியில் காவல் என்ற இந்த வரிசை, மறுவாழ்வு மையத்தில் நோயாளர் வரலாறு எழுதிப் பழகியவர்களுக்குப் புதிதாக இராது. கதையைச் சொல்வோர் பழியை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவைப்பது வழக்கம், "அவ சரியா இருந்தா நான் ஏன் குடிக்கிறேன்?" என்ற வீட்டுப் பேச்சின் சாயல் அதில் இருக்கிறது. ஆழ்வாரோ தம் திருமாலையில் அவ்வாறு எவரையும் கைகாட்டவில்லை என்பதே அந்நூலின் சிறப்புகளுள் ஒன்று.

திருமாலை 45 பாசுரங்கள் கொண்டது. அதன் நடுப்பகுதிக்குப் பின் ஆழ்வார் தம்மிடம் இல்லாதவற்றையும் இருக்கத்தகாதவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். பொதுவாகத் 'தீயவன் நான்' என்று சொல்லி முடித்துவிடவில்லை. மனத்தின் அழுக்கு, சொல்லின் கடுமை, சினம் வந்தால் பிறரைப் பார்க்கும் பார்வை, தமக்கென்று சொல்லிக்கொள்ள ஊரும் நிலமும் சுற்றமும் இல்லாத வறுமை என்று பெயர் சொல்லிச் சொல்லி வைக்கிறார். தன் தாழ்மையை இறைவன் முன் இப்படி எண்ணிச் சொல்வதை வைணவ மரபு நைச்சியானுசந்தானம் என்று அழைக்கும். பன்னிரண்டு படிகளின் நான்காம் படிக்கும் இதற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: இரண்டும் குறையை விவரமாகக் கேட்கின்றன. 'எல்லாம் என் தப்புதான், நான் ஒரு பாவி' என்று மார்பில் அடித்துக்கொள்ளும் அழுகை குடிபோதையிலும் வரும். பெரும்பாலும் போதையில்தான் வரும். 'போன தீபாவளிக்குப் போனஸ் பணத்தில் இவ்வளவு எடுத்தேன், மகளின் கம்மலை அடகு வைத்தேன், மேலதிகாரியிடம் அம்மா இறந்துவிட்டாள் என்று பொய் சொன்னேன்' என்ற கணக்கு தெளிவில் மட்டுமே வரும்.

அப்படிக் கணக்குச் சொன்னவர் பிறகு நொறுங்கிக் கிடந்தாரா? இல்லை. அடியார்களின் காலடித் தூசி என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டு, மறுபடி பூக்குடலையை எடுத்துக்கொண்டார். அரங்கனைத் துயிலெழுப்பும் திருப்பள்ளியெழுச்சியின் 10 பாசுரங்களைப் பாடினார். திருமாலையின் பிற்பகுதியில், எந்தக் குலத்தில் பிறந்தாராயினும் அடியார் அடியாரே, குலம் பேசி அவரை இகழ்ந்தவன் தாழ்ந்தவன் என்று உரத்த குரலில் பேசவும் செய்தார். தம் குறையைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தவர், பிறருடைய மதிப்பைச் சொல்லும்போது குரல் உயர்ந்தார். திருமங்கையாழ்வார் கோயில் மதில் எழுப்பியபோது இவருடைய நந்தவனம் குறுக்கிட, அதை அழிக்காமல் மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்றும், மகிழ்ந்த இவர் தம் தோட்டக் கருவிக்கு அருள்மாரி என்று அவருடைய பெயரை இட்டார் என்றும் மரபு சொல்கிறது. மீண்ட வாழ்க்கையை அவர் பழைய தோட்டத்திலேயே, பழைய வேலையிலேயே வாழ்ந்தார்.

இன்னொரு வரலாறு உறையூரைச் சேர்ந்தது. உறங்காவில்லிதாசர் என்ற மல்லர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, திருவரங்கத் திருவிழாக் கூட்டத்தின் நடுவே அவளுக்குக் குடை பிடித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடந்து சென்றார். ஊர் சிரித்தது. இராமானுசர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. இதைவிட அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வாய் என்று கேட்டு, அரங்கன் திருமுன் அழைத்துச் சென்றார். வெறும் கையோடு எவரையும் அனுப்பக்கூடாது, ஒன்றை விடச் சொல்பவர் இன்னொன்றைக் காட்டவேண்டும் என்பது இன்றைய குடிமீட்பு ஆலோசகர்களும் வற்புறுத்தும் செய்தி. மாலை ஆறு மணிக்குக் குடியை விட்டவர் அந்த ஆறு மணியை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

ஆனால் பணிவைப் பற்றிய பாடம் அந்த வரலாற்றின் பின்பாதியில் இருக்கிறது. காவிரிக்கு நீராடப் போகும்போது தம் சீடர் முதலியாண்டானின் தோளைப் பற்றிச் செல்லும் இராமானுசர், நீராடி வரும்போது உறங்காவில்லிதாசரின் தோளைப் பற்றி வருவது கண்டு, குலப்பெருமை கொண்ட சீடர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களுடைய கோவணத் துணிகளை இராமானுசர் ஓரிரவு மறைவாகக் கிழித்துவைக்க, காலையில் அந்தக் கந்தைக்காக அவர்கள் ஒருவரையொருவர் ஏசிச் சண்டையிட்டார்கள். பின்பு தாசரைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டு, அவர் வீட்டில் உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றிவருமாறு அதே சீடர்களை அனுப்பினார். அடியார்கள் வறுமையால் வந்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணி உறங்குவது போல் கிடந்த பொன்னாச்சி, ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றியதும், மறுபக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தாள். விழித்துவிட்டாள் என்று அஞ்சி அவர்கள் ஓடிவிட்டார்கள். வீடு திரும்பிய தாசர் செய்தி கேட்டு மனைவியைப் பாராட்டவில்லை. 'என் பொருள், நான் கொடுக்கிறேன் என்ற எண்ணம் அல்லவா உன்னைப் புரளவைத்தது? கிடந்தபடி கிடந்திருந்தால் அவர்களே எடுத்துக்கொண்டு போயிருப்பார்களே' என்ற கருத்தில் வருந்தினார் என்பது வரலாறு.

எவ்வளவு நுட்பமான கண்டிப்பு! திருட வந்தவருக்குக் கொடுத்த கொடையிலும் 'நான்' ஒளிந்திருக்கும் என்று கண்ட மரபு இது. குடியை விட்டவருக்கு வரும் ஆபத்தும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓராண்டு ஆகிவிட்டது; உடல் தேறிவிட்டது; அலுவலகத்தில் மதிப்புத் திரும்பியிருக்கிறது. இப்போது அவர் மனைவியின் செலவுக்கணக்கைத் திருத்துகிறார், மகனின் நண்பர்களைத் தேர்வு செய்கிறார், குடிக்கும் அண்டைவீட்டாரைப் பார்த்து, "நான் விடலையா? உனக்கு மனசு இல்லை" என்று அறிவுரை சொல்கிறார். குடி நின்றுவிட்டது, குடியை வளர்த்த குணம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மாறாக ஒரு சான்றும் உண்டு. யேல் பல்கலைக்கழகம் 1954இல் சட்டத்துறையில் மதிப்புறு முனைவர் பட்டம் தர முன்வந்தபோது, பில் வில்சன் அதை ஏற்க மறுத்துவிட்டார். புகழ் வேட்கை தம்மிடம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பட்டத்தால் இயக்கம் பெறக்கூடிய நன்மையும் அவருக்குத் தெரியாததன்று.

இனி, பணிவைப் பற்றிப் பேசும் எவரும் பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்விகள் சில உள்ளன. தாழ்த்துவதும் பணிவிப்பதும் ஒன்றா? மறுவாழ்வு என்ற பெயரில் அடிப்பதையும், கட்டிப்போடுவதையும், மொட்டையடித்து நிறுத்துவதையும் 'திமிரை அடக்கும் மருத்துவம்' என்று நியாயப்படுத்துவோர் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, சங்கிலியால் பிணைப்பதையும் கட்டாய மொட்டையையும் தடைசெய்திருக்கிறது. அவமதிப்பு ஒருவரிடம் உண்டாக்குவது வஞ்சம். வஞ்சம் மதுக்கடைக்குத்தான் வழிகாட்டும். 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர்; குடிநோயாளரை மதிப்போடு நடத்தும் சிகிச்சை முறையை இந்நாட்டில் வளர்த்தவர்களுள் முன்னோடி. அந்த அறக்கட்டளை காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் நடத்திய முகாம்களில், கிராமத்தார் தம் ஊரிலேயே, தம் மக்கள் நடுவிலேயே சிகிச்சை பெற்றார்கள். ஒளிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை, இழிவுபடுத்தும் கையும் இல்லை.

இரண்டாவது கேள்வி பெண்களுடையது. வாழ்நாள் முழுவதும் பணிந்தே போகுமாறு பழக்கப்பட்ட ஒரு பெண்ணிடம், குடிநோயிலிருந்து மீள இன்னும் பணிவாய் என்று சொல்வது மருந்தாகுமா? அமெரிக்காவில் ஜீன் கர்க்பாட்ரிக் 1970களில் பெண்களுக்கெனத் தனி இயக்கம் தொடங்கியதற்கு இக்கேள்வியே காரணமாயிற்று. பெண்களுக்குத் தேவை இழந்த தன்மதிப்பு என்றார் அவர். அது ஏற்கத்தக்க திருத்தம். தன்னை உள்ள அளவுக்கு மேல் மதிப்பிட்டவர் இறங்கி வரவேண்டும், கீழே மதிப்பிட்டவர் ஏறி வரவேண்டும். இரண்டும் உள்ளபடி தன்னை அறியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வன. குடிநோயாளரின் மனைவிக்குப் பணிவை உபதேசிப்பதற்கோ எவருக்கும் உரிமையில்லை; அவர்களுக்கென்று பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சன் 1951இல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள், கணவரின் குடிக்குத் தாம் காரணமல்லர் என்ற தெளிவையே முதலில் தருகின்றன.

கடவுள் இல்லை என்பவர் யாரிடம் குறைகளை நீக்குமாறு வேண்டுவார் என்பது மூன்றாவது. 13 நிலை இராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கும் திருவரங்கத்தில் இக்கேள்வி எழாமல் இராது. அவரவர் புரிந்துகொண்டபடியே இறைவனைக் கொள்ளலாம் என்று பன்னிரண்டு படிகளிலேயே இடம் வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொண்டு பல ஆண்டு குடியாமல் வாழும் நாத்திகர் உலகெங்கும் உண்டு. இன்னொருவர் முன் வாய்திறக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து மட்டும் ஆத்திகருக்கும் விலக்கில்லை, நாத்திகருக்கும் விலக்கில்லை. இந்த வழி நம்பிக்கையை மட்டுமே சார்ந்ததும் அன்று. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பங்கேற்பாளர்களையும் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வறிக்கை, பன்னிரண்டு படிகள் கொண்ட கூட்டங்களுக்கு நோயாளரை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடியாமல் இருப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பயன் தருவதாகக் கண்டது.

இவ்வளவையும் தனிமனிதரின் தலைமேல் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளலாமா? கூடாது. 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய மாநிலம் இது. 1983இல் டாஸ்மாக்கை அமைத்து, 2003இல் சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்த மாநிலமும் இதுவே. மதுக்கடையை மூடச்சொல்லிப் பாடிய பாடகர் கோவன் 2015 அக்டோபரில் திருச்சியில் கைது செய்யப்பட்டு, தேசத்துரோக வழக்கைச் சந்தித்தார். கடைகளைக் குறைப்பது அரசின் கடன். அதைக் கேட்பது மக்களின் உரிமை. கடை மூடும்வரை காத்திருக்க முடியாதவர்களைப் பற்றியே இந்த உரை.

அவர்கள் செய்யக்கூடியவை சிறியவை, சலிப்பூட்டுபவை. பொன்மலைப் பணிமனையிலிருந்தோ திருவெறும்பூர் ஆலையிலிருந்தோ வீடு திரும்பும்போது, பழைய கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து ஒரு மைல் சுற்றிப் போவது. 'எனக்கென்ன பயம், அந்தப் பக்கமே போய்க் காட்டுகிறேன்' என்ற எண்ணம் எழும் நாளில் அதைக் குழுவில் மூத்தவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுவது. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்குவது, தேநீர்க் குவளைகளைக் கழுவுவது. நேற்றுச் சேர்ந்தவர் பேசும்போது குறுக்கே அறிவுரை சொல்லாமல் கேட்டிருப்பது. வீட்டில் கடிந்து பேசிவிட்டால் அன்றிரவுக்குள் தவறென்று சொல்வது. சொல்லும்போது 'ஆனால் நீயும்' என்று தொடராமல் நிறுத்திக்கொள்வது. ஒருமுறை சறுக்கிவிட்டால், பத்தாண்டுக் கணக்கு போய்விட்டதே என்று மறைக்காமல், மறுநாளே போய், முதல்நாள் வந்தவரைப் போலப் பின்வரிசையில் உட்கார்வது. சறுக்கியவரை அந்தக் கடைசிச் செயல் காப்பாற்றியிருக்கிறது. அதைச் செய்ய வெட்கப்பட்டவர்கள் பலரைக் குடி கொண்டுபோயிருக்கிறது.

நிறைவாக ஈடுசெய்தல். வாங்கிய கடனைத் திருப்பலாம். அடகிலிருந்து நகையை மீட்கலாம். பழி சுமத்தப்பட்ட உடன்பணியாளரிடம் உண்மையைச் சொல்லலாம். சொல்வதால் அவருக்கோ வேறொருவருக்கோ காயம் கூடும் என்றால் சொல்லாமல் விடவேண்டும் என்று ஒன்பதாம் படியே விலக்கு வைத்திருக்கிறது. தன் மனப்பாரத்தை இறக்க இன்னொருவர் நெஞ்சில் பாரம் ஏற்றக்கூடாது. மன்னிப்புக் கேட்டவர் மன்னிப்பைப் பெற்றே தீரவேண்டும் என்ற விதியும் கிடையாது. குடியை விட்டு மூன்றாண்டு ஆனபின்னும் சம்பளம் வரும் ஏடிஎம் அட்டையை மனைவி தம் கைப்பையிலேயே வைத்திருக்கலாம்; இரவு ஒன்பது மணிக்கு வாசல் திறந்து, பேச்சுக்கு முன் வாயின் வாடையைக் கவனிக்கலாம்; மகள் தன் கல்லூரி விழாவுக்கு அப்பாவை அழைக்காமல் இருக்கலாம். அட்டையைத் திருப்பித் தரும் நாளை அந்த அம்மையார் முடிவு செய்வார். அழைக்கும் ஆண்டை அந்தப் பெண் முடிவு செய்வாள்.